மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையை அழைத்துவர எந்தப் பத்திரம் கைகொடுக்கும்?

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், செஞ்சா ரோட்டிலோ ஃபஜார் ரோட்டிலோ வீடெடுத்துக் குடியேறிய ஒரு தம்பதியை எண்ணிக்கொள்ளுங்கள். மனைவிக்கு இது இரண்டாவது திருமணம். முதல் மணத்தில் பிறந்த மகன் திருச்சியில் அம்மாச்சியிடம் வளர்கிறான். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அவனுக்கென்று ஓர் அறைகூட ஒதுக்கியாயிற்று. விண்ணப்பம் போடும்போதுதான் சிக்கல் தெரிகிறது: இந்தப் பிள்ளைக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, அதற்கு என்ன அத்தாட்சி?

புதுக் கணவர் எவ்வளவு பாசமாக இருந்தாலும் அந்த உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் 6-ஆம் பிரிவில், மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார்கள் என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறது. அதே பிரிவு தந்தையை முதலிலும், ‘அவருக்குப் பிறகு’ தாயையும் வைக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களைத் தளர்த்திப் பொருள்கொண்டது. தந்தை உயிரோடிருந்தாலும் பிள்ளையைக் கவனிக்காத நிலையில் தாயே காப்பாளராகலாம். ஆகவே கணவர் தம் உரிமையை நிறுவ அலையத் தேவையில்லை; மனைவியின் உரிமையை நிறுவினால் போதும்.

சிங்கப்பூரில் எந்த வாசலைத் தட்டுவது என்பது கணவரின் நிலையைப் பொறுத்தது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர் மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளமாவது வாங்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கும் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் சார்ந்திருப்போர் அட்டை. மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு, 21 வயதுக்குட்பட்டு மணமாகாமல் இருந்தால், நீண்டகால வருகை அட்டை. விண்ணப்பிப்பது முதலாளியின் பொறுப்பு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. கணவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் விண்ணப்பம் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குப் போகும்.

இனிப் பத்திரங்களுக்கு வருவோம். பெற்ற தந்தை இறந்துவிட்டிருந்தால் வேலை எளிது: அவருடைய இறப்புச் சான்றிதழ், தாயின் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், புதுத் திருமணச் சான்றிதழ். மூன்றிலும் பெயர், இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் உயிரோடிருந்தால் பலரும் முதலில் நாடுவது நோட்டரி முன் அவர் கையெழுத்திடும் ஆட்சேபணையின்மைப் பத்திரத்தை. சுமுகமாகப் பிரிந்தவர்களுக்கு அது சில நாள் வேலை. ஆனால் அது ஒருவர் தரும் சம்மதம் மட்டுமே. மனம் மாறினால் அவரே திரும்பப் பெறலாம். யாரிடம் பிள்ளை வளர வேண்டும் என்று எந்த நீதிபதியும் அதில் சொல்லவில்லை. மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போது கொடுத்த உறுதிமொழியும் காவல் உரிமைக்கு ஈடாகாது. முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரத்தை மட்டும் நம்பி வருகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அது பிள்ளை விஷயத்தில் மட்டுமல்ல, இரண்டாவது திருமணம் செல்லுமா என்பதிலேயே கேள்வி எழுப்பிவிடும்.

என் தேர்வு நீதிமன்றக் காவல் ஆணைதான். பரஸ்பர சம்மத விவாகரத்துத் தீர்ப்புகளில் பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவதுண்டு. அப்படியானால் இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்புக்குப் பிறகும் காவல் ஆணை கேட்டு மனுப் போடலாம். இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தை அணுகலாம். திருச்சியில் வளரும் பிள்ளைக்குத் திருச்சிதான். பிள்ளை சிங்கப்பூரில் வசிக்கத் தொடங்கிய பிறகு இதே மனுவுக்கு எந்த நீதிமன்றம் என்பதே ஒரு வழக்காகலாம். ஆகவே அழைத்துவரும் முன்பே முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், வக்கீல் செலவும் உண்டு. ஆனாலும் பள்ளிச் சேர்க்கை, அறுவை சிகிச்சைக் கையெழுத்து, அட்டையைப் புதுப்பிப்பது என்று பின்னாலும் அதுவே கைகொடுக்கும். வெளிநாட்டில் வசிக்க அழைத்துச் செல்லலாம் என்ற அனுமதியை ஆணையிலேயே எழுதிக் கேளுங்கள்.

தத்தெடுப்பு இதற்கெல்லாம் மேல். கணவர் தம் சொந்தப் பிள்ளையாகவே நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். 2022-இல் நிறைவேறிய சிங்கப்பூரின் புதிய பிள்ளைத் தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பெற்ற தந்தையின் சம்மதம் இங்கும் வேண்டும். சில காரணங்களுக்கு மட்டுமே நீதிமன்றம் விலக்குத் தரும். ஆணை பிறந்தால் பெற்ற தந்தைக்கும் பிள்ளைக்குமான சட்ட உறவு அற்றுவிடும். விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். அப்பாவைத் தேடும் பிள்ளையிடமிருந்து அவரைப் பிரிப்பதற்கு அது போதுமான காரணமல்ல.

லண்டன் உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். பிரிட்டனின் விதிகளில் பெற்ற தந்தை இறந்திருந்தால்தான் மாற்றாந்தந்தை ‘பெற்றோர்’ ஆவார். இல்லையேல் பெரும்பாலும் தாய்க்கு முழுப் பொறுப்பு இருந்ததைக் காட்ட வேண்டும். அங்கே பணம் அனுப்பிய ரசீது, பள்ளிக் கடிதம் எல்லாம் எடைபோடப்படும்.

எந்தப் பத்திரமானாலும் தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்குங்கள். இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 முதலும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், முத்திரைக்காகத் தூதரகம் தூதரகமாக அலைவது பெரிதும் குறைந்திருக்கிறது.

காவல் மனுவிலேயே தந்தைக்கு விடுமுறைச் சந்திப்பும் வாராந்திர வீடியோ அழைப்பும் எழுதிக்கொடுங்கள். பிள்ளையை இழக்கப் போவதில்லை என்று தெரிந்த தந்தை, எதிர்வழக்காடாமல் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.