யூரின் பை வீட்டுக்கு வந்த பிறகு

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று சொன்னபோது அம்மா அழவில்லை. எட்டு மாதமாக ரத்தம் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தபோதுதான் அழுதாள். "சூடுதான், இளநீ குடிச்சா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். இந்த நோயில் மருந்துக்கு முன்னால் வெட்கத்தைத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆறு வருஷத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை, டாக்டரும் நர்சும் திருத்திச் சொன்னவை இவை.

1. சிறுநீர் ஒரே ஒரு தடவை சிவப்பாகப் போனாலும், வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லாததுதான் இதில் ஏமாற்று வேலை. ரத்தம் தானாக நின்று, வாரக்கணக்கில் வராமல் இருந்து மறுபடி வரும். நின்றதைக் குணமென்று நினைக்க வேண்டாம். பீடி, சிகரெட் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பார்த்த வேலையையும் சொல்லுங்கள். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை ஜெர்மனியின் லூட்விக் ரேன் 1895இலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

2. டியூப் போட்டு அனுப்பினால், யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். முதல் முறை ஆட்டோவில் வரும்போது யாரும் பார்க்கக் கூடாதென்று அப்பா பையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். பையில் இருந்தது திரும்பி உள்ளே போனால் கிருமியும் கூடப் போகும். மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல். மறைக்கத்தான் வேண்டுமென்றால் வேட்டிக்குள் காலோடு கட்டுகிற சின்னப் பை சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும்.

3. பை தரையிலும் படக் கூடாது. கட்டில் தாழ்வாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைப் பக்கத்தில் வைத்து அதற்குள் பையைத் தொங்க விடுங்கள். கசிந்தாலும் பாயெல்லாம் நனையாது. அந்தப் பக்கெட்டை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது சிவப்பு, குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

4. இரண்டு மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு கல் மாதிரி ஆனால், முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, உட்கார்ந்து நசுக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். டியூபை மட்டும் இழுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் இருக்கிறது, இழுத்தால் கிழித்துக்கொண்டு வரும்.

5. பை முக்கால் நிரம்பும் முன் காலி செய்யுங்கள். முன்னும் பின்னும் கையில் சோப்பு. பையின் வாய் மக்கில் முட்டக் கூடாது. அளவையும் நிறத்தையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தால் டாக்டர் கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

6. தண்ணீர் ஒரு நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாமல், பெரும்பாலும் சாயங்காலத்துக்குள். இதயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவை டாக்டர் சொல்வார். இளநீரையும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

7. கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு பலருக்குச் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து விடுவார்கள். ஆமாம், குழந்தைக்குத் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். இந்த நோய்க்கு அது கேட்கிறது என்று கனடாவில் அல்வாரோ மொராலெஸ் 1976இல் வெளியிட்டார். வழக்கமாக வாரம் ஒன்று, 6 வாரம். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்துப் பிறகு கழிக்க வேண்டும். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் வீட்டில் அன்றைக்கு ஆறு மணி நேரம் தனிச் சட்டம்: உட்கார்ந்துதான் போக வேண்டும், போனதும் கோப்பையில் பிளீச்சிங் திரவம் ஊற்றி, மூடி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தை அதோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். நான் ஒருமுறை ஊற்றிவிட்டு இருமி இருமி வாசலுக்கு ஓடினேன்.

இரண்டு நாள் எரிச்சலும் அடிக்கடி போவதும் சகஜம். 101 டிகிரி தாண்டினாலோ நடுக்கம் வந்தாலோ பாராசிட்டமால் கொடுத்துத் தூங்க வைக்காமல் போன் செய்யுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் பிசிஜி போட்டதைச் சொல்லுங்கள்.

8. சிலருக்குச் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி வயிற்றில் வழி வைப்பார்கள். 1950இல் யூஜின் பிரிக்கர் விளக்கிய முறை, இன்றும் நடக்கிறது. வெளியே தெரிகிற அந்தச் சிவப்பு மொட்டுக்கு ஸ்டோமா என்று பெயர். தொட்டால் வலிக்காது. சிறுநீரில் வெள்ளையாகச் சளி இழைகள் மிதந்தால் பயப்படாதீர்கள்; குடல் குடலின் வேலையைச் செய்கிறது. மொட்டு கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

மொட்டைச் சுற்றி ஒட்டுகிற ஒட்டுப் பையை மாற்ற நல்ல நேரம் விடியற்காலை, காபிக்கு முன்னால். அப்போதுதான் ஒழுகல் குறைவு. அதன் அட்டையின் ஓட்டையை மொட்டைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டுங்கள். அதற்கு மேல் போனால் சிறுநீர் பட்டுத் தோல் வெந்துவிடும். தோலை வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். அப்பாவுக்கும் இந்த வழிதான் வைத்தார்கள். தோல் சிவந்திருக்கிறதே என்று அம்மா பாசமாகத் தேங்காய் எண்ணெய் தடவினாள். பை ஒட்டவே இல்லை, பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது கழன்றது. அப்பா சாப்பிடாமல் எழுந்து வந்தார். எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் ஸ்டோமா நர்ஸ் சொல்லாமல் வேண்டாம்.

9. இனிப் பக்கத்து உறுப்புகளின் புற்றுநோய்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுபவர்களுக்குத் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், கோபமும் அழுகையும் வரும். ஆண் ஹார்மோனை அடக்கினால் நோய் அடங்கும் என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம். நோயாளிக்குப் பருத்திச் சட்டை, ராத்திரி தலைமாட்டில் விசிறி. எலும்பு தேயும், அதனால் கேழ்வரகு, எள், காலை வெயிலில் நடை.

10. புராஸ்டேட் நோயாளிகளுக்கு முதுகுவலி கூடி, கால் மரத்தாலோ நடை தள்ளாடினாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறதோ என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம்.

11. ஒரு சிறுநீரகத்தை எடுத்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாமாக வலி மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மிச்சமுள்ள ஒன்றையும் கெடுக்கும்.

12. விரையில் புற்று பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருகிறது, நன்றாகக் குணமாகிற நோய். கீமோவுக்கு முன் விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பையன் கேட்கக் கூச்சப்படுவான், பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

13. கீமோ நடக்கும்போது வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி என்றால், நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

14. செலவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போக, ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் கவுண்டரில் கொடுத்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும்.

15. வெளியே கிளம்ப ஒரு மஞ்சப்பை தயாராக இருக்கட்டும்: ஓட்டை வெட்டி வைத்த இரண்டு ஒட்டுப் பை, ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, தண்ணீர் பாட்டில், குப்பைக்குக் கறுப்புக் கவர், மருந்துச் சீட்டின் நகல். கல்யாண வீட்டில் நுழைந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிடுங்கள். அப்பா இப்போது மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார், சத்தமாக.