பல்கலைக்கழகங்களில் பொது நிர்வாகச் சேவை: ஊழியர்களை ஆயத்தப்படுத்துதல்

பல்கலைக்கழகங்கள் விடுப்பு, சம்பளம், ஆள்தேர்வு, மாணவர் சேர்க்கை முதலிய அலுவல்களைப் பொதுவானதொரு கணினி அமைப்பின் வழியே நடத்துவதற்கென உருவானது ‘சமர்த்’ திட்டம். மத்திய அரசின் ஆதரவுடன் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இது வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே மென்பொருள் வாங்கும் செலவு இதனால் மிச்சமாகிறது.

ஊழியர் பயிற்சி என்றவுடன், கணினியை இயக்கக் கற்பிப்பதையே பலரும் கருதுகின்றனர். அதனைச் சில நாட்களில் கற்றுவிடலாம். கடினமான வேலை பணிப்பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டை ஆண்டுதோறும் ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும் என்பது மத்திய அரசு விதி. (இவ்விதி எத்தனை அலுவலகங்களில் ஒழுங்காக நடைபெறுகிறது என்பதை அலுவலர்களே அறிவர்.) ஈட்டிய விடுப்பில் 300 நாட்கள் வரை ஓய்வின்போது பணமாகப் பெறலாம். பழைய கணக்கில் 40 நாட்கள் விடுபட்டிருந்தால், கணினி அப்பிழையையே பிழையின்றிக் காட்டும். ஊழியருக்கு ஏற்படும் இழப்போ ஒரு மாதச் சம்பளத்திற்கும் அதிகம்.

ஆகவே, தொடக்க நாளுக்கு முன்னரே ஒவ்வோர் ஊழியரும் தம் பதிவுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். பதிவேட்டிலுள்ள சிவப்பு மைத் திருத்தம் எந்த ஆணையின்படி செய்யப்பட்டது என்பதைப் பிரிவின் மூத்த எழுத்தரே அறிவார். தம் பதவி போய்விடுமோ என அஞ்சுபவரும் பெரும்பாலும் அவரே. இனி அவருக்குரிய பணி யாது என்பதை எழுத்து மூலம் முன்னதாகவே தெரிவித்துவிடுவது நலம். அதன்பின், குறைந்தது இரண்டு மாதச் சம்பளப் பட்டியல்களைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் தயாரித்து, வேறுபடும் ஒவ்வோர் இனத்தையும் அவரைக் கொண்டே ஆராயவேண்டும்.