ரேக் கிளம்புவதற்குள்

அன்புள்ள தம்பி,

வடசென்னையின் பேசின் பிரிட்ஜை வைத்து மூன்று நாவல்கள் தொடங்கி, மூன்றையும் நாலாவது அத்தியாயத்தில் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். முதலாவது, 1921 பி அண்டு சி மில் வேலைநிறுத்தம். இரண்டாவது, நிலக்கரி எரித்த பழைய பவர் ஹவுஸ் காலம் தொடங்கி இன்றுவரை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை. மூன்றாவது, யார்டில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தி பெர்த்துக்கு அடியில் ஒரு பையைக் கண்டெடுப்பது. சரியான கதை இன்னும் அமையவில்லை என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மூன்றில் ஒன்று இன்னும் கதையாகவே ஆகவில்லை. ஒன்று நல்ல கதை, ஆனால் உன்னிடம் இன்னும் சரக்கு போதாது. ஒன்று இப்போதே எழுதி முடிக்கக்கூடியது. மூன்றும் வெவ்வேறு நிலையில் இருக்க, மூன்றையும் ஒரே சலிப்பில் மூடி வைத்திருக்கிறாய்.

வடசென்னையை எழுதுகிறவனுக்கு விஷயப் பஞ்சம் கிடையாது, அதுவே தொல்லை. சென்ட்ரல் வந்துவிட்டது என்று பெட்டி படுக்கையை இறக்கி வாசலில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், வண்டியோ பேசின் பிரிட்ஜில் அசையாமல் நிற்கும். கறுத்துக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய். அரக்கோணத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கடற்கரைக்கும் பிரியும் தண்டவாளங்கள். எதைத் தொட்டாலும் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். உன் மூன்று தலைமுறைக் கதை அப்படித்தான் வளர்ந்தது. அது எங்கே வேண்டுமானாலும் முடியலாம் என்பதால் எந்தப் பக்கமும் அதற்கு அவசியமாக இல்லை, எந்தப் பக்கமும் அநாவசியமாகவும் இல்லை. ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குள் எவ்வளவு அடங்கும் என்று பார்க்காதே. எவ்வளவை வெளியே நிறுத்த அது உனக்குத் தைரியம் கொடுக்கிறது என்று பார். பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, காதல் இருக்கிறது, கட்சி அரசியல் இருக்கிறது. ஆனாலும் ஒரு சுவர் யாருக்கு என்ற கேள்விதான் படத்தை நகர்த்துகிறது. மற்றதெல்லாம் அந்தச் சுவருக்குக் கட்டுப்பட்டுத்தான் உள்ளே வருகிறது.

இதைவிடக் கறாரான உதாரணம் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959). ஒரே ஒரு நாள் ஜல்லிக்கட்டு. தகப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை மகன் பிச்சி அணைந்து அடக்க வருகிறான், மாடு ஜமீன்தாருடையது. ஜமீன் அரசியலை விரித்து எழுத அங்கே இடமிருந்தது, பிச்சியின் வீட்டை, ஊரை, சாதியை விலாவாரியாகச் சொல்ல இடமிருந்தது. செல்லப்பா அவ்வளவையும் அந்த ஒரு பிற்பகலுக்குள் விழும் பேச்சிலும் பார்வையிலும் மட்டும் வைத்தார். ‘அணைவானா, மாட்டானா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு யாராலும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது, காளைகூடத் தப்பவில்லை. சின்னப் புத்தகம்தான், ஆனால் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எதிர்ப்பக்கச் சாட்சியாக பாரதியையே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ‘சந்திரிகையின் கதை’ ஒரு பூகம்பத்தில் தொடங்குகிறது. குடும்பம் அழிகிறது, அன்று பிறந்த குழந்தை சந்திரிகையும் விதவை அத்தை விசாலாட்சியும் மிஞ்சுகிறார்கள். இப்படியொரு தொடக்கம் இன்றைக்கும் யாருக்கும் எளிதில் வாய்க்காது. பிறகு கதை விசாலாட்சியின் மறுமணத்தைத் தேடிச் சென்னைக்கு வருகிறது, விதவை மறுமணத்துக்குப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலு வீட்டுக்குப் போகிறது, வேறொரு கலியாணத்தின் பின்னாலும் போகிறது. கிண்டலும் கோபமும் துள்ளும் பக்கங்கள்தான், ஆனால் பெயருக்குரிய சந்திரிகை குழந்தையாகவே நின்றுவிடுகிறாள். பாரதி இறந்ததால்தானே அது நின்றது என்பாய். உண்மை. 1921 செப்டம்பரில், நீ எழுத நினைத்த அதே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அவர் மறைந்தார். இருந்திருந்தால் சந்திரிகையை வளர்த்து எடுத்திருப்பார் என்றே நம்பலாம். நான் சொல்வது கையில் இருக்கும் பக்கங்களைப் பற்றி மட்டும்: கதை திசை மாறும்போது எழுதுகிறவனுக்கு உற்சாகம் குறைவதில்லை, கூடுகிறது. அதனால்தான் அந்த உற்சாகத்தை நம்பக்கூடாது என்கிறேன். உன் நாலாவது அத்தியாயத்தில் புதிதாக ஒரு கதை பளிச்சென்று தெரிந்ததற்கு, அதை நீ இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் முதலில் எடுத்ததையே கண்ணை மூடிக்கொண்டு கட்டி அழ வேண்டுமா? வேண்டாம். தஸ்தயேவ்ஸ்கி என்ன செய்தார் என்று பார். 1865 செப்டம்பரில் ‘குற்றமும் தண்டனையும்’ கதையைப் பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்குக் கடிதத்தில் விவரித்துவிட்டார்: பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட மாணவன், வட்டிக்கடைக் கிழவி, கொலை, அதன் பிறகு அவனைத் தின்னும் மனசு. நவம்பரில், அதுவரை எழுதியதை எரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஆனால் மாணவனும் கிழவியும் அப்படியே இருந்தார்கள், கொலையும் அப்படியே இருந்தது. குற்றவாளியே தன் வாயால் சொல்வதாக இருந்த கதை, வெளியிலிருந்து சொல்லப்படும் கதையாக மாறியது. நாவல் 1866-ல் தொடராக வந்தது. அவர் எரித்தது சொல்லும் முறையை. நீ எழுத முடியாமல் நின்ற இடத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யார் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குகிறது, எந்தக் காட்சி முன்னால் வர வேண்டும்? இவற்றையெல்லாம் மாற்றிப் பார்த்த பிறகும் கதை நகரவில்லையென்றால் அப்போது கதையைச் சந்தேகி.

கதையே இல்லாத நல்ல நாவல்கள் இல்லையா என்று கேட்பாய். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) இருக்கிறது. கந்தனின் ஒரு நாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாள் என்ற வேலியை அவர் எங்கும் தாண்டவில்லை. கதை செய்ய வேண்டிய வேலையை அந்த நாள் செய்துவிட்டது. வேலியும் வேண்டாம், கதையும் வேண்டாம் என்பவனுக்குக் குறிப்பேடு போதும். பாத்திரங்கள் போகிற போக்கில் விட வேண்டும் என்பது இன்னொரு வாதம். விடலாம். ஆனால் பாத்திரம் இழுத்துக்கொண்டு போகிறதா, நீ கடினமான காட்சியிலிருந்து நழுவுகிறாயா என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது அந்தப் பைக்கு வருகிறேன். காலையில் சென்ட்ரலில் ஆட்கள் இறங்கியதும் ரேக், அதாவது வண்டியின் மொத்தப் பெட்டித் தொடர், யார்டுக்கு வருகிறது. பெருக்கி, கழிவறை கழுவி, தண்ணீர் ஏற்றி, போர்வை மாற்றி, பிட் லைனில் அடிப்பாகம் பார்த்து முடித்ததும் மாலையில் வேறு பயணிகளோடு கிளம்பிவிடும். உன் பெண் பையை ஒப்படைக்க வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ரேக் கிளம்புவதற்குள். ஒப்படைத்தால் இவ்வளவு நேரம் ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்வி வரும். ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். காலமும் நெருக்கடியும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கின்றன, நீ எதையும் கற்பனையில் கூட்ட வேண்டியதில்லை. நாலாவது அத்தியாயத்தில் நீ என்ன செய்தாய்? சூப்பர்வைசரின் பால்யத்துக்குப் போனாய். அது நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதைப் படிக்கும் நேரமெல்லாம் பை பெர்த்துக்கு அடியிலேயே கிடக்கிறது. சூப்பர்வைசரைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று அவள் முடிவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுமானால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடு. கடைசி அத்தியாயத்தை எவ்வளவு மோசமாக வந்தாலும் பரவாயில்லை என்று எழுதிவிட்டு, பிறகு நாலாவதுக்குத் திரும்பு. கதை தேறுமா தேறாதா என்பது முடிவு காகிதத்தில் இருக்கும்போதுதான் தெரியும். நடுவில் வரும் அலுப்பு நல்ல கதைக்கும் கெட்ட கதைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

1921-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களும் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்த வரலாறு அது. அதில் யாருடைய கண்ணால் பார்ப்பது என்று தீர்மானிப்பதே பெரிய பொறுப்பு. அவசரத்தில் எழுதினால் ஒரு தரப்புக்கு அநியாயம் செய்துவிடுவாய். தொழிற்சங்கத்தின் பக்கத்திலிருந்து பார்க்க, திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக’ளில் விஷயம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜாவின் பேச்சுகளைத் தேடிப் பிடி. ஆனால் அந்த வாசிப்பைப் பை நாவலின் கடைசி வரியை எழுதிய பிறகு தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்