கோடு பேசுமா?

அரூப ஓவியம் வரையத் தெரியாதவர்களின் புகலிடம் என்று நம் வகுப்பிலேயே சிலர் சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கே. எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை அச்சில் கண்டபின் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

துறையூரை அடுத்த கீரம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம், கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராயிருந்த நாளில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஏறக்குறைய 100 காந்தி படங்களை வரைந்தார். அவற்றில் கோடு, உருவத்தின் எல்லையாக மட்டும் நிற்கவில்லை. தடித்தும் இளைத்தும், ஓடியும் தயங்கியும் தானே ஓர் உணர்ச்சியாகிறது. பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் உருவத்தையே விட்டுவிட்டார். வரையத் தெரியாமலா விட்டார்?

சோதித்துப் பார்த்தேன். செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கு மலை தெரியும். பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தேன்; எங்கும் ஒரே கனம், வெறும் மலைதான் வந்தது. அடுத்து, மையில் தொட்டெழுதும் பேனா. அழுத்தினால் நிப்பு விரிந்து கோடு பருக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது. பிறகு மலையைப் பாராமல், ஏறும்போது மூச்சு வாங்குவதை மட்டும் நினைத்துக் கையை ஓட்டினேன். ஆறு தாள்கள் வீண். (அவற்றைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது வேறு கதை.) ஏழாவதில், மெல்ல ஏறித் திணறி நின்ற ஒரு கோடு கிடைத்தது.

அக்காவிடம் காட்டினேன்.

"கோலத்துல கை நடுங்குன மாதிரி இருக்குடா. யாருக்கு மூச்சுத் திணறுது?" என்றாள்.

மலை என்று நான் சொல்லவே இல்லை.