தெளிகருவி எஞ்சினின் வலுக்குறைவும் காபரேற்றரைச் சீர்செய்தலும்

முதுகிற் சுமந்து செல்லும் எஞ்சின் தெளிகருவி, நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் பெருந்துணை புரியும் சாதனமாகும். ஆயின், பீடை பெருகி அவசரமாகத் தெளிக்க வேண்டிய வேளையிலே எஞ்சின் வலுக்குறைந்து திணறுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அவ்வேளையில் அநேகர் முதலிற் செய்வது காபரேற்றரின் திருகாணியைத் திருகுவதேயாம். இது தவறான முறை. வலுக்குறைவுக்குரிய காரணங்கள் பல காபரேற்றருக்கு வெளியே உள்ளவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கிய பின்னரே, கடைசியாகக் காபரேற்றரிற் கை வைத்தல் வேண்டும். அந்த ஒழுங்கை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

வலுக்குறைவினால் நேரும் நட்டம்

இக்கருவியில் மருந்துநீரைத் துளிகளாகச் சிதறச் செய்வது, எஞ்சினாற் சுழற்றப்படும் விசிறிச் சக்கரம் தள்ளும் காற்றேயாகும். காற்று வேகமாக வந்தால் துளி நுண்ணியதாகும். வேகம் குறைந்தால் துளி பருத்து அண்மையிலேயே விழுந்துவிடும். சக்கரத்தின் சுழற்சி பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காற்றின் அளவும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் அக்காற்றின் வலுவோ நான்கில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைந்துவிடும். ஆகவே, காதுக்குச் சிறிதாகத் தோன்றும் வேகக்குறைவு வயலிலே பெரிதாக வெளிப்படும்.

கபில நிறத் தத்தி நெற்பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தங்கிச் சாற்றை உறிஞ்சும். வலுக்குறைந்த காற்று இலைகளை விலக்கி அடித்தண்டைச் சென்றடையாது. மேலிலைகள் நனையும்; தத்தியோ உயிருடன் இருக்கும். மருந்து பலிக்கவில்லையென்று எண்ணி மறுமுறை தெளித்தால், செலவு இருமடங்காவதுடன், தத்தியை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களும் அழியும். குறை எஞ்சினில் இருப்பதை அறியாது மருந்தை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு போகத்து விளைச்சலே கைநழுவிப் போதல் கூடும்.

எஞ்சின் இயங்கும் முறை

இக்கருவிகளில் பெரும்பாலும் இருப்பது ஈரடிப்பு எஞ்சினாகும். பிஸ்டன் மேலே செல்லும்போது, பெற்றோலும் ஒயிலும் காற்றும் சேர்ந்த கலவை, காபரேற்றர் வழியாக எஞ்சினின் அடியறைக்குள் உறிஞ்சப்படுகின்றது. அதே வேளையில், பிஸ்டனுக்கு மேலேயுள்ள கலவை நெருக்கப்பட்டுப் பிளக்கின் தீப்பொறியால் எரிகின்றது. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலிற் புகை வெளியேறும் வாயில் திறக்கும். அடுத்து அடியறையிலுள்ள புதிய கலவை மேலே ஏறும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் அடைபடாதிருந்தாலன்றி எஞ்சின் வலுப்பெறாது. இரண்டாவது, எஞ்சினின் உட்பாகங்களுக்கு உராய்வு நீக்கும் ஒயில் பெற்றோலுடன் கலந்தே வருகின்றது. பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை மெலிந்த கலவை என்பர். மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சின் அதிகம் சூடேறும். அத்துடன் அதற்குக் கிடைக்கும் ஒயிலும் குறையும். அதனாற் பிஸ்டன் சிலிண்டரிற் சிக்கிக் கீறலுறும். பெற்றோல் மிகுந்த கலவை எஞ்சினை மந்தமாக்கிக் கரியை உண்டாக்குமேயன்றி உடனடியாக அழித்துவிடாது.

ஒழுங்காகப் பார்க்க வேண்டியவை

முதலில் மருந்துத் தொட்டியைக் கழுவிச் சுத்தமான நீரை நிரப்புக. சோதனைக்கு மருந்துநீரைப் பயன்படுத்தலாகாது. பாகங்களைக் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பிளக்கின் கம்பியையும் அகற்றிவிடுக. அருகில் நெருப்போ பீடியோ சுருட்டோ இருத்தலாகாது.

1. நெம்பும் சோக்கும்: சோக் முற்றாகத் திறந்துள்ளதா, வேகநெம்பை முழுவதும் தள்ளும்போது காபரேற்றரின் வாயிலும் முழுவதும் திறக்கின்றதா எனப் பார்க்க. கம்பி தளர்ந்திருந்தால் நெம்பு முழுவதும் சென்றும் வாயில் பாதியளவே திறக்கும். விசிறிச் சக்கரத்தின் காற்று வாயிலில் இலை, வைக்கோல் முதலியவை ஒட்டியிருந்தால் நீக்குக.

2. எரிபொருள்: சென்ற போகத்தில் மிஞ்சிய பெற்றோலை ஊற்றலாகாது. பழைய பெற்றோல் பிசினாகி நுண்ணிய துவாரங்களை அடைக்கும். மண்ணெண்ணெய் கலத்தலும் ஆகாது. ஈரடிப்பு எஞ்சினுக்குரிய ஒயிலை, கருவியின் கைந்நூலிற் கூறிய அளவிற் கலக்க வேண்டும். 25க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர். 50க்கு 1 என்றிருந்தால் 20 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றாது அளவுப் பாத்திரத்தில் அளந்து, வேறு கலனிற் கலந்து குலுக்கிய பின்னரே தாங்கியில் ஊற்றுக.

3. தாங்கியின் மூடியும் வடியும்: எஞ்சின் சில நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் வலுவிழந்து நின்றால், மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க. காற்று உட்புகும் ஓசை கேட்டு, எஞ்சினும் மீண்டும் நன்றாக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளதென அறியலாம். தாங்கியினுள்ளும் குழாயின் நுனியிலும் உள்ள எரிபொருள் வடியைக் கழுவுக, பழுதாயின் மாற்றுக. வெடித்த குழாயை ஒட்டுப்போடாது மாற்றுதல் நன்று.

4. காற்று வடி: சூடடிக்கும் களத்தின் தூசும், மருந்துத் தூளும், ஒயிலும் சேர்ந்து இதனை அடைத்துவிடும். அடைபட்ட வடி கலவையிற் பெற்றோலை மிகுவிக்கும். பஞ்சு வடியைச் சவர்க்கார நீரிற் கழுவி, முறுக்காது பிழிந்து, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுக. கடதாசி வடியைக் கழுவலாகாது. தட்டித் தூசு நீக்குக, மிக அழுக்காயின் மாற்றுக. வடியை அகற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுதல் மிகத் தீது. தூசு உட்சென்று சிலிண்டரைத் தேய்ப்பதுடன் கலவையும் மெலிந்துவிடும்.

5. பிளக்கு: முழு வேகத்தில் ஓடிய எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. எஞ்சினின் உள்நிலையை வெளியே காட்டும் கண்ணாடி இதுவேயாகும். நுனி இளங்கபில நிறமாயின் கலவை சரி. உலர்ந்த கரியாயின் பெற்றோல் மிகுதி, அல்லது காற்று வடி அடைப்பு. ஈரமான கரியாயின் ஒயில் மிகுதி, அல்லது தீப்பொறி நலிவு. வெண்ணிறமாயின் கலவை மெலிந்து எஞ்சின் அதிகம் சூடேறுகின்றது. அவ்வாறாயின் காரணத்தைக் காணுமுன் எஞ்சினை மீண்டும் முழு வேகத்தில் ஓட்டலாகாது. இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருக்கும். உரிய இலக்கமுள்ள பிளக்கையே வாங்கி மாட்டுக.

6. புகைபோக்கி: எஞ்சின் எளிதில் இயங்கத் தொடங்கியும், ஓசை அமுங்கி, நெம்பைத் தள்ளினாலும் வேகமேறாதிருந்தால் புகைபோக்கியிற் கரி படிந்திருத்தல் கூடும். அதனைக் கழற்றி, நுனியிற் கம்பிவலை இருந்தால் அதையும் தூரிகையினால் துப்புரவாக்குக. சிலிண்டரின் புகை வாயிலிற் படிந்த கரியைச் சுரண்டும்போது, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து வாயிலை மூடச் செய்தல் வேண்டும். அப்பொழுது கரி உள்ளே விழாது. இரும்பினாலன்றி மரக்குச்சியினாற் சுரண்டுக.

7. நெருக்கமும் கசிவும்: தொடக்கற் கயிற்றை மெல்ல இழுக்கும்போது கைக்குத் தடை தென்பட வேண்டும். தடையின்றி இலகுவாக வந்தால் பிஸ்டன் வளையம் ஒட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். நெம்பைக் குறைத்தும் எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கினால், காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள காஸ்கற்று வழியாகவோ, அச்சின் ஒயில் தடுப்பு வழியாகவோ காற்றுக் கசிகின்றதெனக் கொள்ளலாம். தளர்ந்த ஆணிகளை இறுக்குக. காஸ்கற்று கிழிந்திருந்தால் மாற்றுக. தேய்மானமும் ஒயில் தடுப்பின் பழுதும் காபரேற்றரைத் திருகுவதால் ஒருபோதும் தீரா. இவை தேர்ந்த திருத்துநரிடம் செல்ல வேண்டியவை.

காபரேற்றரைச் சீர்செய்தல்

மேற்கூறிய ஏழும் சரியாக இருந்தும் வலுக்குறைவு நீங்காவிடின் மாத்திரமே காபரேற்றரைத் தொடுக. திருகாணி இப்போதுள்ள நிலையை முதலிற் குறித்துக்கொள்க. மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடிதட்டுகின்றதென எண்ணி எழுதிவைத்தால், வேண்டியபோது பழைய நிலைக்கு மீளலாம். அடிதட்டியபின் இறுக்கினால் ஊசியின் நுனி கெட்டுவிடும்.

மெல்லிய சவ்வினால் இயங்கும் காபரேற்றர்களிற் பெரும்பாலும் மூன்று திருகாணிகள் உண்டு. குறைவேகத் திருகாணியும் மிகுவேகத் திருகாணியும் பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்துவன. உட்புறமாகத் திருகினாற் கலவை மெலியும், வெளிப்புறமாகத் திருகினாற் செறியும். மூன்றாவது, நெம்பை விட்ட நிலையில் எஞ்சின் ஓட வேண்டிய வேகத்தைக் கட்டுப்படுத்துவது.

எஞ்சினைத் திறந்தவெளியிற் சில நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பின்னரே சீர்செய்க. முதலிற் குறைவேகத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாக ஓடும் நிலையைக் கண்டு, அங்கிருந்து ஏறத்தாழக் காற்சுற்று வெளியே திருகுக. பின்னர் மூன்றாவது திருகாணியினால் வேகத்தை அமைக்க. நெம்பைச் சடுதியாகத் தள்ளும்போது எஞ்சின் திக்காமல் வேகமேற வேண்டும்.

அடுத்து முழு வேகத்தில், மிகுவேகத் திருகாணியை எட்டில் ஒரு சுற்றளவாகத் திருப்புக. உச்ச வேகத்தைக் கண்டதும் அங்கே நிறுத்திவிடலாகாது. அந்நிலையில் ஓசை கூர்மையாகவும் இனிமையாகவும் இருக்கும். ஆனால் கலவையோ மெலிவின் விளிம்பில் நிற்கும். ஓசை சற்றே தணிந்து, மெல்லிய புகை தோன்றுமட்டும் வெளியே திருகி நிறுத்துக. இச்சிறு வேகத்தை இழத்தலே எஞ்சினைக் காக்கும் விலையாகும். திருகாணிக்கு எல்லைமூடி பொருத்தப்பட்டிருந்தால் அதை உடைத்தலாகாது.

மிதவையுள்ள காபரேற்றரில் முழுவேகக் கலவையைத் தீர்மானிப்பது ஜெற்றுத் துவாரமாகும். அதனைப் பெற்றோலிற் கழுவி ஊதித் துப்புரவாக்குக. கம்பியாற் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். இடைவேகக் கலவையை ஊசியின் கவ்வி தீர்மானிக்கும். கவ்வியை ஒரு வெட்டுக் கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து கலவை செறியும். காற்று வடிப் பக்கமாக அமைந்த திருகாணி பெரும்பாலும் காற்றையே கட்டுப்படுத்துவதால், அதை உட்புறமாகத் திருகினாற் கலவை மெலியாது, செறியும். இவ்வேறுபாட்டைக் கைந்நூலிற் பார்த்து அறிந்துகொள்ளல் வேண்டும்.

மலைநாட்டுக் கமக்காரர் கவனத்துக்கு

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கரையோரத்திலும் பார்க்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, கரையோரத்திற் சீர்செய்த எஞ்சின் அங்கு செறிந்த கலவையுடன் மந்தமாக ஓடும். சரியாகச் சீர்செய்தாலும் கரையோரத்திற் கிடைத்த வலு முழுவதும் அங்கு கிடைக்காது. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் தெளிக்க அங்கு சீர்செய்த கருவியை, பின்னர் கிளிநொச்சிக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுவந்தால் கலவை மெலிந்துவிடும். கீழே கொண்டுவந்ததும் மறுபடி சீர்செய்யாது முழு வேகத்தில் ஓட்டலாகாது.

போக முடிவிற் செய்ய வேண்டியவை

தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டு, காபரேற்றரில் உள்ளது முடிந்து எஞ்சின் தானாக நிற்குமட்டும் ஓடவிடுக. பிளக்கைக் கழற்றிச் சில துளி ஒயில் விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டி உலர்ந்த இடத்தில் வைக்குக. கருவி நன்னிலையில் உள்ளபோது, காற்றில்லாத காலைவேளையில் உலர்ந்த நிலத்தில் நீரைத் தெளித்து, நீர் சென்றடையும் தூரத்தை அடியளந்து எழுதிவைக்குக. அடுத்த போகம் தொடங்குமுன் அவ்வாறே மீண்டும் அளந்து பார்த்தால், வலுக் குறைந்துள்ளதா என்பது பீடை வருமுன்னரே தெரிந்துவிடும்.

திருப்புளியைக் கையிலெடுக்குமுன் பெற்றோலையும், காற்று வடியையும், பிளக்கையும், புகைபோக்கியையும் பார்க்கும் கமக்காரருக்குத் திருத்துச் செலவு குறையும். பீடை வரும் நாளிற் கருவியும் கைகொடுக்கும். ஐயமுள்ளவர்கள் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, கருவியையும் கழற்றிய பிளக்கையும் காட்டி விளக்கம் பெறுவார்களாக.