வழியும் புல்வெளியும்

நுழையும்முன்

ஓர் இயற்கைக் காட்சியைப் படமெடுப்பது எளிது. அந்நிலத்தில் மனிதர் உழைத்த தடத்தையும் சேர்த்துப் படமெடுப்பது அரிது. பிரித்தானியத் தீவின் மேற்கே அமைந்த வேல்ஸ் நாட்டின் ஊர்ப்புறச் சாலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஒளிப்படக்கருவி வழியே காண அழைக்கிறது இக்கட்டுரை.

வேல்ஸ் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 இலட்சம். அங்குள்ள ஆடுகளோ ஏறத்தாழ அதன் மும்மடங்கு. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி ஆண்டு முழுவதும் மழை தருகிறது. அதனால் புல் செழித்து வளர்கிறது. அப்பசுமையைக் கண்டவுடன் எவர் கையும் ஒளிப்படக்கருவியை நாடும். ஆயினும், அவ்வாறு எடுக்கப்படும் படங்களுள் பல வெறும் வாழ்த்து அட்டைகளாகவே நின்றுவிடுகின்றன. அந்தப் பசுமை தானாக அமைந்ததன்று. பல நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்தும் மக்கள் காடு திருத்தியும் சுவர் எழுப்பியும் உருவாக்கியது. இதை அறியாதவர் எடுக்கும் படத்தில் நிறம் இருக்கும், நிலம் இராது.

சாய்ந்த ஒளி

வேல்ஸ் வடக்கே 51 பாகைக்கும் 54 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. திசம்பர் மாத நண்பகலிலும் கதிரவன் அங்கே அடிவானிலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். நமக்குக் குறையாகத் தோன்றும் இது, ஒளிப்படக் கலைஞருக்குப் பேறு. சாய்ந்து விழும் ஒளியில் சிறு வரப்பும் நீண்ட நிழலை ஈனும். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் மலைச்சரிவில் பழைய உழவுத் தடங்கள், கைவிடப்பட்ட வீடுகளின் அடித்தளங்கள், ஆட்டுத் தடங்கள் யாவும் மாலையில் எழுந்து நிற்கும்.

மந்தையைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கரும்பச்சை மலைச்சரிவை அளந்து ஒளியை முடிவுசெய்யும் கருவி, தேவைக்கு மிகுதியாக ஒளியை உள்ளே விடும். விளைவாக, வெள்ளாடை போர்த்தியவை போன்ற செம்மறிகள் மயிரின் நெளிவு தெரியாத வெண்புள்ளிகளாகிவிடும். ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுப்பதே இதற்கு வழி. வில்லையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். அகலக்கோண வில்லை தொலைவிலுள்ள மலையைக் குன்றாகச் சுருக்கிவிடும். டெலிஃபோட்டோ வில்லையோ வளைந்தேறும் சாலையின் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும்.

மாடுகள் நடந்த சாலை

வேல்ஸ் ஊர்ப்புறச் சாலைகள் பல, ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்கவை. இருபுறமும் மண்கரைமேல் உயிர்வேலி எழுந்திருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென ஆங்காங்கே சாலை சற்று அகன்றிருக்கும். அவ்விடத்தைப் படமெடுப்போர் அடைத்து நிற்றல் ஆகாது. மலைமேல் செல்லும் பழம்பாதைகள் சில, மாட்டு வணிகர் வகுத்தவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதை வரும்வரை, வேல்ஸ் மாடுகள் இங்கிலாந்துச் சந்தைகளுக்கு நடந்தே சென்றன. நெடும்பயணத்தில் குளம்பு தேயாதிருக்க அவற்றுக்கு இரும்பு இலாடம் அடித்தனர். வாத்துகளின் பாதங்களையோ தாரிலும் மணலிலும் தோய்த்து நடத்திச் சென்றனர்!

தெரியுமா?
மாடு விற்ற பெரும்பணத்துடன் வழிநடப்பது இடர் மிக்கது. இத்தேவையிலிருந்து பிறந்ததே 'கறுப்பு எருது வங்கி'. இதனை 1799-இல் லாண்டவரி என்னும் ஊரில் மாட்டு வணிகர் டேவிட் ஜோன்ஸ் தொடங்கினார்.

சுவர்களும் கதை கூறும். பள்ளத்தாக்கின் அடியில் வளைந்து நெளிந்து சிறுவயல்களைச் சூழ்ந்தவை பெரும்பாலும் பழமையானவை. மலைமேட்டில் அளவுகோல் வைத்தாற்போல் நேராக ஓடுபவை பல, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்கள் சட்டத்தின் துணையால் தனியுடைமை ஆக்கப்பட்டபோது எழுந்தவை. இவ்விரண்டையும் ஒரே படத்தில் அடக்கக்கூடிய உயரமான இடத்தைத் தேடி ஒரு மணிநேரம் நடப்பது வீணாகாது.

வேலியில்லாத மலைமேய்ச்சலிலும் ஆடுகள் மனம்போனபடி அலைவதில்லை. தம் மந்தைக்குரிய எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அவ்வாறு பழகிய இடத்தை வேல்ஸ் மொழியில் 'கனெவின்' என்பர். மனிதர் தமக்கு உரியதென உணரும் இடத்தையும் அதே சொல்லால் குறிப்பர்.

நீரில் மூழ்கிய ஊர்

அந்த உரிமை பறிபோவதைப் படமாக்கியவர் ஜெஃப் சார்லஸ் (1909-2002). 'கம்ரோ' என்னும் வேல்ஸ் மொழி வார இதழின் ஒளிப்படக் கலைஞர் அவர். லிவர்பூல் நகருக்குக் குடிநீர் தேக்க, டிரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. வேல்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்கூட அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. எனினும், 1965-இல் கேப்பல் கெலின் என்னும் சிற்றூர் பள்ளி, வழிபாட்டுக்கூடம், அஞ்சலகம், பண்ணைகள் ஆகியவற்றோடு நீருள் மறைந்தது.

சார்லஸ் அவ்வூருக்குப் பலமுறை சென்றார். வகுப்பறைப் பிள்ளைகளையும் பண்ணை மக்களையும் படமெடுத்தார். 1956-இல் ஊரார் திரண்டு லிவர்பூல் வீதிகளில் நடத்திய பேரணியையும் பதிவு செய்தார். அழகிய கோணத்தைவிட அங்கு யார் நிற்கிறார் என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது. இது என் கணிப்பு. அவர் எடுத்தவற்றுள் ஏறத்தாழ 1,20,000 நெகட்டிவுகள் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் காக்கப்படுகின்றன.

லிவர்பூல் நகர மன்றம் 2005-இல் மன்னிப்புக் கோரியது. இன்று அங்கே சாலை, ஏரிக்கரையை ஒட்டிச் செல்கிறது. எதிர்க்கரைச் சரிவில் ஆடுகள் மேய்கின்றன. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது ஊரின் இடிபாடுகள் வெளிப்படும். அப்போது ஒளிப்படக்கருவியோடு பலர் கரையில் கூடுகின்றனர். சேற்றில் தெரியும் கற்குவியல்கள் எத்தகைய வாழ்வின் எச்சங்கள் என்று அறிய விரும்புவோர், சார்லஸ் எடுத்த படங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.