ஊரடங்கும் கிட்டப்பார்வையும்

கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த என் மகளுக்கு, இப்போது கண்ணாடி போட வேண்டும் என்கிறார்கள். செல்போனைப் பிடுங்கி வைத்தால் பார்வை சரியாகிவிடுமா? – வாசகி, திண்டுக்கல்

செல்போனைப் பிடுங்கினால் வீட்டில் போர் மூளுமே தவிர, கண்ணாடி இறங்காது. விழிக்கோளம் முன்பின்னாக நீண்டு, தொலைவுப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும் நிலையே கிட்டப்பார்வை. நீண்ட கோளம் மீண்டும் சுருங்குவதில்லை என்றாலும், மேலும் நீள்வதை மட்டுப்படுத்த முடியும்.

சீனாவின் ஷான்டோங் மாகாணத்து ஃபெய்செங் நகரில் ஆண்டுதோறும் நடந்த பள்ளிக் கண் பரிசோதனைகளில், முன்பு 6 வயதினரிடையே 5.7 விழுக்காட்டைத் தாண்டாதிருந்த கிட்டப்பார்வை, ஊரடங்குக்குப் பின் 2020-இல் 21.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அங்கே இணையவழி வகுப்புகள் மூன்றாம் வகுப்பு முதலே நடந்திருக்க, பார்வை மாற்றமோ அவற்றில் சேராத சிறியவர்களிடமே மிகுந்திருந்ததால், பழி முழுவதையும் திரையின் தலையில் கட்டுவது பொருந்தாது. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமீன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து விழிக்கோளத்தின் நீட்சிக்குக் கடிவாளமிடுகிறது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தைவான் பள்ளிகளும் 2010 முதல் நாளுக்கு 120 நிமிட வெளிப்புற நேரத்தை வலியுறுத்திவருகின்றன.

எனவே, கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்ற அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்காமல், மகளுக்கு அதை ஒழுங்காக அணிவித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது வெளியே விளையாட விடுவதே ஏற்றது. அதற்கு உச்சிவெயில் தேவையில்லை. வேப்பமர நிழலிலுள்ள வெளிச்சமே அறையின் டியூப்லைட்டைவிடப் பல மடங்கு மிகுதி.